குறை சொல்லாத வாரம்

முதல் ஜாடி வெடித்தபோது போகுமில் கூடாரத்தின் கடைசி முளையை அடித்துக்கொண்டிருந்தார். சத்தம் காரின் பின்பக்கத்திலிருந்து வந்தது. பெரிய வெடி என்று சொல்ல முடியாது. கோயிலில் பூசை நடுவே யாரோ அடக்க முடியாமல் விட்டுவிட்டதுபோல அமுங்கின ஒரு 'புஸ்'. அவர் சுத்தியலை அந்தரத்தில் நிறுத்தி மகளைப் பார்த்தார்.

"என்ன ஏன் பாக்கற? நான் இல்ல," என்றாள் காலினா. "உன் கார்தான்."

பின்கதவைத் திறந்தார். அவருக்கு முன்னால் நாற்றம் இறங்கி வந்தது. அட்டைப் பெட்டிக்குள் வரிசையாக நின்ற கண்ணாடி ஜாடிகளில் பாதிக்குமேல் மூடி உப்பி, குட்டிக் குட்டித் தொப்பி போட்டதுபோல நின்றன. ஒன்று வாயைப் பிளந்து, சதகுப்பைத் தழைக் குழம்பையும் இறைச்சி உருண்டைகளையும் அவருடைய சட்டைகள் மேல் துப்பியிருந்தது. அவர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே பக்கத்து ஜாடியும் 'புஸ்' என்றது.

அந்தப் பெட்டிக்குள் இருந்தது ஒரு வாரத்துச் சாப்பாடு. எங்கள் ஆட்கள் ஏரிக்கோ கடலுக்கோ கூடாரம் போடக் கிளம்பினால், மாற்றுத் துணியை மறந்தாலும் மறப்பார்கள், ஜாடியை மறக்கமாட்டார்கள். வீட்டிலேயே சமைத்து, ஜாடியில் அடைத்து, மூடி, பெரிய பாத்திரத்து வெந்நீரில் அவித்து எடுத்துப்போவது. அங்கே போய்ச் சூடு பண்ணினால் போதும். கடற்கரை ஓட்டல்காரன் ஒரு தட்டுக்குக் கேட்கிற விலையைப் பார்த்துவிட்டு, பைக்குள் இருக்கிற ஜாடியைத் தடவிக்கொண்டு நகர்ந்து போகிற சுகம் இருக்கிறதே, அதுவே பாதி விடுமுறை.

"பரவாயில்லப்பா," என்றாள் காலினா. "கடையில ரொட்டி இருக்கும்ல. அது போதும்."

போகுமிலுக்கு நாற்றத்தைவிட அந்த வார்த்தைதான் சுருக்கென்றது. பரவாயில்லையா? இவளா சொன்னாள்?

போகுமிலைப் பற்றிச் சொல்வதென்றால் முதலில் அவருடைய தொழிலைச் சொல்ல வேண்டும். ராடம் நகரத்தில் லிஃப்ட் மெக்கானிக். பதினெட்டு வயதில் தொழிற்பள்ளியிலிருந்து வெளியே வந்தவர் நேராக லிஃப்ட் குழிக்குள் இறங்கினார், இன்றுவரை ஏறவில்லை. அவர் பழுது பார்த்த லிஃப்ட் தரைக்குச் சமமாக நிற்கும். காகிதக் கனம் ஏறி நின்றாலும் மறுபடி மேலே போய் மோட்டாரைத் திறப்பார். மற்ற மெக்கானிக்குகள் "காலைத் தூக்கி வச்சு இறங்கட்டும், என்ன இப்ப?" என்று சொல்லிவிட்டு பியர் குடிக்கப் போய்விடுவார்கள். இவர் போகமாட்டார். இவருக்குப் பியருக்கு அழைப்பு வருவதும் நின்றுபோனது.

அவருடைய மதியச் சாப்பாடு எப்போதுமே ஜாடியில்தான். நடுவே கட்டாயப் பட்டாளத்தில் இருந்தபோதுகூட அம்மா ரயிலில் வந்த யார் யாரிடமோ கொடுத்தனுப்பினாள். கல்யாணத்துக்குப் பிறகு மனைவி இவோனா கட்டிக் கொடுத்தாள். மாடிக்கு மேலே, மோட்டார் அறையில், ஓடிச் சூடேறிய மோட்டாரின் முதுகில் ஜாடியை வைத்துவிடுவார். கீழே பன்னிரண்டு மாடிக்காரர்கள் ஏறி இறங்க ஏறி இறங்க, மேலே அவருடைய முட்டைக்கோஸும் இறைச்சியும் பதமாகச் சூடாகும். ராடத்தில் எத்தனை பேர் தமக்குத் தெரியாமல் அவருக்குச் சமையல் செய்திருக்கிறார்கள் என்று யாரும் எண்ணிப் பார்த்ததில்லை.

அப்புறம் இவோனா நார்வேக்கு மீன் ஆலை வேலைக்குப் போனாள். ஒரு குளிர்காலம் மட்டும் என்றுதான் போனாள். அது நாலாகிவிட்டது. சண்டை எதுவும் நடக்கவில்லை. தினமும் வந்த தொலைபேசி வாரத்துக்கு ஒன்றானது, பிறகு காலினாவுக்கு மட்டும் என்றானது. கடைசியில் இரண்டு பேரும் மரியாதையாகக் கையெழுத்துப் போட்டுப் பிரிந்தார்கள். கையெழுத்துப் போட வந்த அன்று இவோனா அவருடைய சட்டைப் பொத்தானைச் சரி செய்துவிட்டுப் போனாள்.

இந்த வசந்தத்தில் இவோனா நார்வேயிலேயே, பெர்கனில் பெரிய வீடாகப் பார்த்துக் குடியேறியிருந்தாள். அதில் காலினாவுக்கென்று ஓர் அறை, சன்னலைத் திறந்தால் கடல். செப்டம்பரில் பள்ளி திறக்கும்போது அங்கே வருகிறாளா, அப்பாவோடு ராடத்திலேயே இருக்கிறாளா, ஜூலை முடிவதற்குள் சொல்ல வேண்டும். பதினாலு வயதாகிவிட்டது, அவளே முடிவு பண்ணட்டும் என்று பெற்றவர்கள் இருவரும் பெருந்தன்மையாகச் சொல்லிவிட்டார்கள். பெருந்தன்மையாகச் சொன்ன அன்று போகுமில் இரவுச் சாப்பாடு சாப்பிடவில்லை.

அவரிடம் கடல் இல்லை. வருஷா வருஷம் போகிற மசூரியா ஏரிதான் இருந்தது. அதே பைன் மரங்கள், அதே கூடாரம், அதே ஜாடிகள். எல்லாம் முன்புபோலவே இருந்தால் பெண் இருந்துவிடுவாள் என்று கணக்குப் போட்டார். ஒரு வாரம், ஒரு குறையும் இல்லாமல்.

கணக்கில்தான் தப்பு நடந்தது. இறைச்சி ஜாடியை மூன்று நாள் அவிக்க வேண்டும். முதல் நாள் ஒரு மணி நேரம், ஆறவிட்டு மறுநாள் கொஞ்சம், அதற்கு மறுநாளும் கொஞ்சம். ஏன் என்று எங்கள் ஊரில் யாரும் கேட்பதில்லை, அவிப்பார்கள். போகுமில் கேட்டார். எல்லா நேரத்தையும் கூட்டினார். ஒரே மூச்சில் அவ்வளவு நேரமும் கொதிக்கவைத்தால் தீர்ந்தது, எதற்கு மூன்று நாள் எரிவாயுவைக் கரியாக்குவது? இவோனாவுக்கு ஒரு போன் போட்டிருந்தால் ஒரு நிமிஷத்தில் சொல்லியிருப்பாள். போன் போட்டால், ஜாடி அடைக்கத் தெரியாதவன் பெண்ணை எப்படி வளர்ப்பான் என்று அவள் நினைப்பாளே. போடவில்லை.

"ஒரே நாள்லயா அவிச்சீங்க?" பக்கத்து வண்டிவீட்டு பானி மஜேனா மூக்கைப் பொத்திக்கொண்டு கேட்டாள். பானி என்றால் எங்கள் ஊரில் அம்மா, பான் என்றால் ஐயா. ஏரிக்கரைக்கு அவளும் ஒவ்வொரு வருஷமும் வருகிறவள். அவள் வண்டிவீட்டில் அடுப்பு, அலமாரி, கேக் சுடும் பெட்டி எல்லாம் உண்டு. கூடாரக்காரர்களைப் பார்த்துப் பரிதாபப்படுவதுதான் அவளுக்கு விடுமுறை. "ஐயோ பான் போகுமில்! மொத நாள் அவிச்சா கிருமி செத்த மாதிரி படுத்துக்கும். மறுநாள் மெல்ல எந்திரிக்கும். எந்திரிச்சதும் திரும்ப ஒரு அடி. அதுக்குத்தான் மூணு நாள். இது கொழந்தைக்குக்கூடத் தெரியுமே."

"எனக்கு லிஃப்டுதான் தெரியும்," என்றார் போகுமில்.

"அது தெரியுது," என்று சொல்லிவிட்டு அவள் போனாள்.

குழி தோண்டி ஒரு வாரத்தைப் புதைத்தார். மிச்சம் இருந்த நல்ல ஜாடிகளையும் நம்ப முடியவில்லை, அவையும் போயின. காலினா மண்வெட்டியைப் பிடித்து உதவினாள். ஒரு வார்த்தை கிண்டல் இல்லை.

அதுதான் அவருக்குப் புரியவில்லை. காலினா யார்? ஆறு வயதில், புளிமாவு சூப்பில் முட்டையை நாலு துண்டாக வெட்டாமல் வட்டம் வட்டமாக வெட்டிவிட்டார்கள் என்று கரண்டியைத் தூக்கி எறிந்தவள். பட்டாணி போய் காரட்டைத் தொட்டுவிட்டால் தட்டையே திருப்பி அனுப்புவாள். போன வருஷம் பானி மஜேனாவின் கேக்கைத் தின்றுவிட்டு, எல்லோர் முன்னாலும், "நடுவுல ஈரமா இருக்கு" என்று சொல்லி ஒரு மாலைப்பொழுதையே கெடுத்தவள். அவள் குறை சொல்லாத சாப்பாடு அந்த வீட்டில் இறங்கினதில்லை.

முதல் நாள் இரவு ஒற்றை அடுப்பில் உருளைக்கிழங்கு வேகவைத்தார். காற்றில் தீ ஒரு பக்கமாகச் சாய்ந்து எரிந்தது. பாத்திரத்தின் இந்தப் பக்கத்துக் கிழங்கு கரைந்து கூழானது, அந்தப் பக்கத்துக் கிழங்கைக் கத்தியால் குத்தினால் கத்தி திரும்பி வந்தது. மோரை ஊற்றித் தட்டில் வைத்தார்.

காலினா ஒரு வாய் எடுத்தாள். பல்லுக்குள் 'நறுக்' என்றது அவருக்கே கேட்டது.

"நல்லாருக்குப்பா."

"நல்லாருக்கா?"

"ம்."

"வேகல இல்ல?"

"கொஞ்சம். அதனால என்ன? காட்டுல இப்படித்தான் இருக்கும்."

போகுமில் தன் தட்டைப் பார்த்தார். தரைக்குச் சமமாக நிற்காத லிஃப்டில் மாட்டிக்கொண்டதுபோல இருந்தது. நல்ல சாப்பாடு போட்டுத் தக்கவைக்க நினைத்தால், மோசமான சாப்பாட்டை இவள் தன்மையாகத் தின்கிறாள். தன்மையாகத் தின்கிற காலினாவை அவருக்கு அறிமுகமே இல்லை.

மறுநாள் மீன். படகுத்துறையில் கிழவன் ஒருவன் வாளியில் வைத்திருந்தான், உயிரோடு. போகுமில் செதில் சீவத் தெரியாமல் சீவினார். செதில் காது வரைக்கும் ஒட்டியது. மாவில் புரட்டி வாணலியில் போட்டார், மீன் அடியில் ஒட்டிக்கொண்டது. திருப்பினார், தோல் கீழே, சதை மேலே. மறுபடி திருப்பினார். கடைசியில் வாணலியில் இருந்ததை மீன் என்று சொல்ல, மீனுக்கே மனசு வராது. முள்ளும் சதையும் கருகின மாவும் கலந்து கிடந்த அதைக் கரண்டியால் சுரண்டித்தான் தட்டில் வைக்க முடிந்தது.

காலினா வாயிலிருந்து ஒவ்வொரு முள்ளாக உருவி, தட்டின் ஓரத்தில் அழகாக அடுக்கிக்கொண்டே சாப்பிட்டாள்.

"பிடிக்கலைன்னா விட்டுடு," என்றார்.

"நல்லாத்தான் இருக்கு."

"என்ன நல்லாருக்கு அதுல?"

அவள் கொஞ்சம் யோசித்தாள். "புது மீனுல்ல."

அவருக்குப் பொத்துக்கொண்டு வந்தது. வாணலியைத் தூக்கிக்கொண்டு தண்ணீர்க் குழாய்க்குப் போய், அடியில் பிடித்த மீனைச் சுரண்டு சுரண்டென்று சுரண்டினார். வரிசையில் காத்திருந்தவர்கள் வேறு குழாய்க்கு நகர்ந்து போனார்கள். அங்கேயும் பானி மஜேனா இருந்தாள்.

"வாணலி சூடாகறதுக்கு முன்னாடியே மீனப் போட்டிருப்பீங்க."

"ஆமா."

"பாவம் பொண்ணு. எப்படி எறக்குனா?"

"நல்லாருக்குன்னா."

பானி மஜேனா பாத்திரம் தேய்ப்பதை நிறுத்தினாள். "நம்ம காலினாவா? ஒடம்பு கிடம்பு சரியில்லையா என்ன?"

அன்று ராத்திரி முழுக்க அந்தக் கேள்வி அவர் தலைக்குள் ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. காலையில் மழை. மதியமும் மழை. கூடார வாசலில் கட்டிய தார்ப்பாயின் கீழே உட்கார்ந்து, கடையில் வாங்கின புளிமாவு சூப்பைக் காய்ச்சினார். காலினாவின் சூப். இதிலாவது தவறக்கூடாது என்று தொத்திறைச்சியை ஒரே அளவாக வெட்டினார். முட்டையை நாலு துண்டாக்கினார். ருசி பார்த்தார். ஆச்சரியம், நன்றாக இருந்தது. இவோனா வைத்ததுபோல இல்லை, ஆனால் வெட்கப்படாமல் தட்டில் ஊற்றலாம்.

ஊற்றியிருந்தால் இந்தக் கதை இங்கேயே முடிந்திருக்கும். ஆனால் கரண்டியைக் கையில் பிடித்தபடி அவர் நினைத்துப் பார்த்தார். இதையும் குடித்துவிட்டு அவள் "நல்லாருக்கு" என்பாள். வேகாத கிழங்கும் நல்லாருக்கு, இதுவும் நல்லாருக்கு. அப்படியானால் அந்த நல்லாருக்குவுக்கு என்ன மதிப்பு?

காலினா தண்ணீர் பிடிக்கப் போயிருந்தாள். போகுமில் இந்தப் பக்கம் பார்த்தார், அந்தப் பக்கம் பார்த்தார். சர்க்கரைப் பொட்டலத்தை எடுத்தார். நாற்பத்தாறு வயது மனிதர், பல வருஷம் தகப்பன் ஆகலாமா வேண்டாமா என்று நிதானமாக யோசித்து ஒரே ஒரு பெண்ணைப் பெற்றவர், விளையாட்டுப் பையன்கூடச் செய்யத் தயங்குகிற காரியத்தைச் செய்தார். கைநிறைய அள்ளிப் போட்டார். போதுமா என்று நக்கிப் பார்த்தார். இன்னும் ஒரு கை போட்டார்.

புளிச்ச மாவு, பூண்டு, புகையில் வாட்டின இறைச்சி, அதோடு சர்க்கரை. ஏரியில் ஊற்றியிருந்தால் மீன்கள் கரையேறி வந்து புகார் கொடுத்திருக்கும்.

காலினா வந்து உட்கார்ந்தாள். ஒரு கரண்டி குடித்தாள். அவர் மூச்சை அடக்கிக்கொண்டு பார்த்தார். அவள் புருவம் ஒரு நூல் அசைந்தது. அவ்வளவுதான். இரண்டாவது கரண்டி. மூன்றாவது. முட்டைத் துண்டை எடுத்து மென்றாள்.

"எப்படி இருக்கு?"

"நல்லாருக்குப்பா. நெஜமா."

அந்த நேரம் பார்த்து, குடையும் ஆளுமாக பானி மஜேனா எட்டிப் பார்த்தாள். "புளிமாவு சூப்பா? வாசனை அங்க வரைக்கும் வருது. ஒரு கரண்டி குடுங்க, உப்பு ஒறப்பு சரியா இருக்கான்னு சொல்றேன்." அவர் தடுப்பதற்குள் சட்டியிலிருந்தே ஒரு கரண்டி மொண்டு வாயில் விட்டுக்கொண்டாள்.

முகம் நாலு பக்கமும் ஒரே நேரத்தில் போனது. குடையைப் போட்டுவிட்டு மரத்தடிக்கு ஓடினாள். துப்பினாள். திரும்பி வந்து, "மாதாவே! என்ன போட்டீங்க இதுல?" என்று கேட்டவள், காலினாவின் தட்டு பாதிக்குமேல் காலியாக இருப்பதைப் பார்த்தாள். அப்பாவையும் பெண்ணையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு, வாழ்நாளில் முதல்முறையாக, ஆலோசனை எதுவும் சொல்லாமல் குடையை எடுத்துக்கொண்டு போனாள்.

"அதுல சக்கர போட்டிருக்கேன்," என்றார் போகுமில்.

"தெரியும்."

"கையால அள்ளிப் போட்டேன். ரெண்டு கை!"

"தெரியுதுப்பா. நாக்குன்னு ஒண்ணு எனக்கும் இருக்கு."

"தெரிஞ்சுமா தின்ன?" சத்தம் போட வேண்டும் என்று அவர் நினைக்கவில்லை, வந்துவிட்டது. "ஏன்டி? ஏன் நல்லாருக்கு நல்லாருக்குங்கற? நான் என்ன ஓட்டல்காரனா, நீ என்ன விருந்தாளியா? யார் வீட்லயோ வந்து ஒக்காந்த மாதிரி ஏன் சாப்பிடற?"

கேட்ட பிறகுதான் அவருக்கே காதில் விழுந்தது. விருந்தாளி. விருந்தாளிதானே சாப்பாட்டைக் குறை சொல்லமாட்டார்கள். விருந்தாளிதானே கிளம்பிப் போவார்கள்.

தார்ப்பாயில் தேங்கின மழைநீர் ஒரு பக்கமாகச் சரிந்து கொட்டியது. காலினா தட்டைக் கீழே வைத்தாள்.

"முடிவு பண்ணிட்டியா?" இந்தமுறை சத்தம் வரவில்லை.

"பண்ணிட்டேன்."

"எப்ப?"

"கெளம்பறதுக்கு முன்னாடியே. அம்மாகிட்ட இன்னும் சொல்லல. மொதல்ல ஒங்கிட்டதான் சொல்லணும்னு வச்சிருந்தேன். இங்க வந்து எறங்குனதும் சொல்லலாம்னு வாயத் தொறந்தேன், ஜாடி வெடிச்சுது." மூக்கை உறிஞ்சினாள். "அப்புறம் நீ குழி தோண்டுன. ஒம் மூஞ்சியப் பாத்தா எப்படிச் சொல்றது? ஒவ்வொரு சாப்பாடும் ஊத்திக்குது. ஒவ்வொரு தடவையும் சொல்லலாம்னா நீ கருகுன வாணலியக் கையில வச்சுக்கிட்டு நிக்கற."

"அதனால நல்லாருக்குன்னு..."

"நல்லால்லன்னா நீ மூஞ்சியத் தொங்கப் போடுவ. போற எடத்துல எனக்கு அந்த மூஞ்சிதான ஞாபகம் இருக்கும்."

அவர் சர்க்கரைப் பொட்டலத்தை மடித்துப் பைக்குள் வைத்தார்.

"ஒன்னப் பிடிக்காம இல்ல," என்றாள். "அம்மா அங்க ஒத்தையா இருக்கா. நாலு வருஷம் நீ என்ன வச்சிருந்த. இப்ப அவ மொறை. அவ்வளவுதான்."

மறுத்துப் பேச ஓர் ஓட்டை கிடைக்குமா என்று தேடினார். கிடைக்கவில்லை. பழுது எங்கே என்று தெரிந்தால் ஸ்பானரோடு இறங்கலாம். இங்கே பழுதே இல்லை. பெண் நியாயமாகப் பேசுகிறாள். அதுதான் வயிற்றெரிச்சல்.

"சரி," என்றார். "ஆனா ஒண்ணு கேக்கறேன். நெஜத்தச் சொல்லு. கெழங்கு எப்படி இருந்துச்சு?"

"வேணாம்பா."

"சொல்லுடி."

"பாதி கூழு, பாதி கல்லு."

"மீனு?"

அவள் உதட்டைக் கடித்தாள். உள்ளே எதுவோ திமிறிக்கொண்டிருந்தது. "அது மீனா? முள்ளு வச்ச களி! என் தொண்டைக்குள்ள இப்பவும் ஒரு முள்ளு நிக்குது. புது மீனுன்னு சொல்றதுக்கு நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்!"

"ம். அப்புறம்?"

"அப்புறமா? ராடத்துல ஒவ்வொரு ஞாயித்துக்கெழமையும் ஒரு கோழி வைக்கறியே, அத என்னன்னு சொல்ல? செத்துப்போன கோழிய ரெண்டாவது தடவ கொல்ற நீ! நாலு வருஷமா கொல்ற! காபியில ஈயம் பூசுன வாசன. சாண்ட்விச்சுல வெண்ணெய ஒரே ஓரமா தடவற, மிச்ச எடத்துக்கெல்லாம் வெண்ணெய் என்ன, நடந்தா போகும்? இதுல இந்தச் சூப்பு வேற!" கரண்டியால் தட்டைத் தட்டினாள். கண்ணிலிருந்து தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது, வாய் நிற்கவில்லை. "சோதனையா பண்ற? சொந்தப் பொண்ணுக்கு யாராவது சக்கர சூப்பு குடுப்பாங்களா? என்ன அப்பா நீ?"

போகுமில் தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டுக்கொண்டிருந்தார். ஒவ்வொரு திட்டும் விழ விழ, இரண்டு நாளாக நெஞ்சில் இறுகிக் கிடந்தது ஒவ்வொரு மறையாகக் கழன்றது. எங்கோ போயிருந்த தன் பெண் திரும்பி வந்ததுபோல இருந்தது. வந்த பெண் போகப்போகிறவள் என்பதும் கூடவே இருந்தது. அது கழலவில்லை.

சூப்பைச் சட்டியோடு தூக்கி மழையில் கவிழ்த்தார்கள்.

காலினா அப்பாவின் முன்னாலேயே அம்மாவுக்குப் போன் போட்டாள். "அம்மா? வரேன். செப்டம்பர்ல... ஆமா, அவர்கிட்ட சொல்லிட்டேன். பக்கத்துலதான் இருக்காரு... அழல. நானா? எனக்குச் சளி... ஆனா கிறிஸ்மஸ் ராத்திரிக்கு இங்கதான் இருப்பேன், முன்னாடியே சொல்லிடறேன். பன்னண்டு பதார்த்தமும் அவர்தான் பண்ணணும். எல்லாம் பண்ணுவாரு. யாராவது சொல்ல வேணாமா, எது எது வாயில வைக்க முடியலன்னு?"

மறுமுனையில் இவோனா சிரிப்பது கேட்டது. போகுமில் ஏரியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கிறிஸ்மஸுக்கு முந்தின ராத்திரி எங்கள் ஊர் வழக்கப்படி பன்னிரண்டு பதார்த்தமா? அதில் மூன்று மீன்.

பசி வந்தது. சர்க்கரை சூப்பின் மேல் வந்த பசி, அதனால் கோபமான பசி. மிச்சம் இருந்தது உருளைக்கிழங்கும் ஒரு வெங்காயமும்தான். அடை போடலாம் என்றாள் காலினா. துருவி வேண்டும். அவளே மழையில் ஓடிப்போய்ப் பானி மஜேனாவிடம் வாங்கி வந்தாள்.

"என்ன சொன்னா?"

"துருவுனதும் நல்லாப் பிழிஞ்சு தண்ணிய எறக்கணுமாம். இல்லன்னா பிரியுமாம். அப்புறம், ஒனக்குப் பைத்தியம் பிடிச்சிருக்கான்னு கேட்டா."

"நீ என்ன சொன்ன?"

"கொஞ்சம்னேன்."

துருவினார்கள். எதை வைத்துப் பிழிவது? சுத்தமாக ஒரு துணிகூட இல்லை, சட்டைகளெல்லாம் இறைச்சிக் குழம்பு நாற்றம். கையால் பிழிந்தார்கள், பாதித் தண்ணீர்தான் இறங்கியது. எரிவாயு தீரப்போகிறது என்று தீ நீலமாக முனகியது. முதல் அடை வாணலியிலேயே மூன்றாகப் பிரிந்தது. இரண்டாவதின் ஓரம் கருகி, நடுவில் வெள்ளையாக நின்றது.

போகுமிலின் கை தானாக வாணலியைத் தூக்கியது. கொட்டிவிட்டு முதலிலிருந்து ஆரம்பிக்கத்தான். இருபத்தெட்டு வருஷமாக அந்தக் கைக்கு அது ஒன்றுதான் தெரியும். மறுபடி மேலே போய் மோட்டாரைத் திற. ஆனால் மேலே போக நேரமில்லை, கிழங்கும் இல்லை, எரிவாயுவும் இல்லை. காலினா தட்டை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அவர் வாணலியைத் திரும்ப வைத்தார். பிரிந்ததைப் பிரிந்தபடியே எடுத்துத் தட்டில் போட்டார்.

"இது என்ன?" என்றாள்.

"அடை."

"அடைக்கு விபத்து நடந்த மாதிரி இருக்கு." ஒரு துண்டை வாயில் போட்டாள், ஊதினாள், மென்றாள், முகத்தைச் சுளித்தாள். ஒளிக்கவில்லை, முழுசாகச் சுளித்தாள். "உள்ள பச்சை. வெளிய கரி. எண்ணெய் மட்டும் எல்லா எடத்துலயும் இருக்கு."

"தண்ணிய நீ சரியாப் பிழியல."

"நான் பிழியலையா? நீதான், 'போதும் போதும், எறங்கிடுச்சு'ன்ன!"

"தீ வேற இல்ல."

"தீ இருந்தாலும் நீ கெடுத்திருப்ப."

"கெடுத்திருப்பேன்," என்று ஒப்புக்கொண்டார் போகுமில். தன் பங்கைக் கையாலேயே பிய்த்துத் தின்றார். மோசமாகத்தான் இருந்தது. மோசமாக, சூடாக இருந்தது. மழை நிற்கிற மாதிரி இல்லை. தீ ஒருமுறை துள்ளிவிட்டு அணைந்தது. அவர் தட்டு காலியானது. பசி போகவில்லை. காலினாவின் தட்டில் ஒரு பெரிய துண்டு மிச்சம் இருந்தது. வேண்டாமென்றுதானே வைத்திருக்கிறாள் என்று கையை நீட்டினார்.

காலினா தட்டை மடிக்குள் இழுத்துக்கொண்டாள்.

"மோசம்னியே?"

"மோசம்தான்," என்றாள் வாய் நிறைய. "கைய எடு."